பாரீஸில் விட்ட முருங்கைக்காய்

“பாரீசுல இன்னா வுட்டீங்க தம்பி?” என்று கேட்டார் லோகநாதன்.

கேள்வி புரியாமல் இருந்திருந்தால் ராஜசேகரன் தப்பித்திருப்பான். புரிந்துவிட்டது.

பாரீஸைப் பற்றி வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவன் அசந்திருக்க மாட்டான். இரும்புக் கோபுரம் எத்தனை பனைமர உயரம், ரொட்டி எத்தனை முழ நீளம், அங்கே பெண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பிரயாணக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த படப்புத்தகத்தில் அவ்வளவும் இருந்தது. காய்கறி விஷயம் மட்டும் அதில் இல்லை.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்கு உயிரான காய் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அதை வாயில் வைப்பதில்லை. லோகநாதன் பல வருஷங்களுக்கு முன் காசிக்குப் போய்க் கத்திரிக்காயை விட்டு வந்தவர். அவருடைய ஊரான கோவில்பதாகையில் அந்தப் பாக்கியம் வேறு யாருக்கும் கிட்டவில்லை. ஆகவே ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவருக்கென்று தனிச் சாம்பார் உண்டு. கத்திரிக்காய் வாளியோடு வருகிறவன் அவர் இலையருகே வந்ததும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாண்டுவான். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

அப்பேர்ப்பட்டவர், காசிக்கு ஒரு காய் என்றால் பாரீஸுக்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தார். இப்போது பாரிவாக்கத்தில் ராஜசேகரன் வீட்டுக் கூடத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருந்தார்.

அவருடைய மகள் வரலட்சுமியைத்தான் ராஜசேகரன் கல்யாணம் செய்துகொள்ளத் துடித்துக்கொண்டிருந்தான். பூந்தமல்லிப் பெருமாள் கோயிலில், அவன் லண்டன் தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு தீர்த்தம் வாங்க நின்றபோது, அவள் பார்த்துச் சிரித்தாள். தொப்பியைப் பார்த்துச் சிரித்தாளா, அவனைப் பார்த்துச் சிரித்தாளா என்ற சந்தேகம் மற்றவர்களுக்கெல்லாம் வந்தது, அவனுக்கு வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஆனால் லோகநாதன் லேசில் பெண் கொடுக்கிறவர் அல்ல. “கிருஷ்ணா நதியத் தாண்டாதவனுக்கு எம் பொண்ணு கெடையாது” என்று சொல்லி, நிலமும் நீச்சுமாக வந்த பையன்களைத் திருப்பி அனுப்பியவர்.

ராஜசேகரன் கிருஷ்ணா நதியை மட்டுமா தாண்டினான்? லண்டனில் ஒரு வியாபாரக் கல்லூரியில் ஒரே ஒரு டெர்ம் படித்துவிட்டு, ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்று ஏரியாவே சொல்லிற்று. டெர்ம் வரைக்கும் அது உண்மை. ஐரோப்பா நடந்தது வேறு விதம். இங்கிலாந்துக் கரையிலிருந்து படகு கிளம்பிய மாத்திரத்தில் அவன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். பிரெஞ்சுக் கரை தெரிந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தான். பிறகு இறங்காமலே அதே படகில் திரும்பி வந்து, லண்டன் விடுதியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஊர் திரும்பும் கப்பல் வரும்வரை படுத்திருந்தான். படுத்தபடியே படப்புத்தகத்தைப் பார்த்து அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். அப்பா பரந்தாமன் ஒவ்வொரு கடிதத்தையும் ஏரிக்கரை வரை கேட்கும் குரலில் படித்தார். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஹாலந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம். ஏழு தேசம்.

“சொல்லுங்க தம்பி. பாரீசுல?”

ராஜசேகரனுக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம் அடித்தது. பிறந்ததிலிருந்து தட்டோரத்தில் ஒதுக்கிவைத்த சனியன்களை எல்லாம் தலைமுழுக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

“பாகற்காய்” என்றான், கண்ணைத் தாழ்த்தி.

“ஆகா! ரோமாபுரில?”

“சுரைக்காய்.”

“ஜெர்மனில?”

“பீர்க்கங்காய். ஸ்விட்சர்லாந்தில் புடலங்காய்” என்று அவர் கேட்காததற்கும் சேர்த்து அவன் சொல்ல ஆரம்பித்தான்.

லோகநாதன் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். பரந்தாமன் மீசையைத் தடவிக்கொண்டார். கதவருகே நின்ற அம்மா ராஜம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்கொயந்தைக்கு அப்பவே தெரிஞ்சி கீது பாருங்க” என்றாள் அவள். “பாகக்காய அவன் பொறந்ததுலேர்ந்து தொட்டதே இல்ல. சொரக்கான்னா வாந்தி வந்துடும். பீர்க்கங்கா வாசனைக்கே ஊட்டவுட்டு ஓடிப்பூடுவான்!”

லோகநாதன் தோளைத் தட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

“புடிக்காதத வுட்டா அது வுட்டதா ஆவுமா தம்பி?” என்றார் லோகநாதன், அடிபட்டவர் போல. “கத்திரிக்கா இல்லாம எனக்கு ஒரு வேளை சோறு எறங்காது. அதத்தான் நான் வுட்டேன். இன்னிக்கும் அது கண்ணுல பட்டா நெஞ்சு அடிச்சிக்கும். வெள்ளிக்கெழம வர்றேன். நல்லா யோசிச்சி வையுங்க.”

வண்டி தெருமுனை திரும்பியதும் ராஜசேகரன் பூந்தமல்லிக்கு ஓடினான். அங்கேதான் மெட்ராஸ் கல்லூரியில் அவனோடு படித்த சிநேகிதன் தேவராஜ் இருந்தான். ராஜசேகரன் படகு விஷயத்தைச் சொல்லியிருந்த ஒரே ஆள் அவன்தான். தெரிந்ததிலிருந்து அவன் ராஜசேகரனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முறை வாந்தி எடுப்பதுபோலச் செய்து காட்டித்தான் பேச ஆரம்பிப்பான்.

“உண்மைய சொல்லிடு மச்சான்” என்றான் தேவராஜ்.

“சொன்னா பொண்ணு போச்சி.”

“அப்போ நம்ம ஊர்ல மொளைக்காத காயா சொல்லிடு. சீமைக் காய். ஆஸ்பராகஸ், ஆர்ட்டிசோக்குன்னு படிச்சோமே. வுட்டாப்பலயும் ஆச்சி, வாயும் நஷ்டப்படாது.”

ஒரு டெர்ம் லண்டனில் படித்தவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று ராஜசேகரன் வருந்தினான். வெள்ளிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

“எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்பராகஸ். அதைத்தான் பாரீஸில் விட்டேன்.”

“அது இன்னா காய்?”

“ஐரோப்பாவில் ராஜாக்கள் சாப்பிடுவது.”

“நம்ம பக்கம் கெடைக்குமா?”

“கிடைக்காது” என்றான் ராஜசேகரன், துயரத்தோடு.

லோகநாதன் அவன் பக்கம் குனிந்தார். “கெடைக்காதத வுடறதுக்கு ஐரோப்பாவுக்கு ஏன் தம்பி போவணும்? அதத்தான் இந்த ஊரே பொறந்ததுலேர்ந்து வுட்டுட்டு குந்திகினு கீதே!”

பரந்தாமனுக்கே சிரிப்பு வந்தது. மகனைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ராஜசேகரன் வாயைத் திறக்குமுன் லோகநாதன் கதவுப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. புள்ளைக்கு உசுரு எந்தக் காய் மேல?”

பெற்ற மகனை ஒரு தாய் இவ்வளவு அன்பாகக் காட்டிக்கொடுத்ததை அதற்கு முன் அந்தத் தெரு பார்த்ததில்லை.

“முருங்கக்கா சாம்பார் வச்சா சட்டியோட குடிப்பான்” என்று ஆரம்பித்தாள் ராஜம்மா.

“பாரீசு” என்றார் லோகநாதன்.

“வாழக்கா வறுவல்னா, சோறே வாணாம்.”

“ரோமாபுரி.”

“வெண்டக்கா. அப்பறம் சேப்பங்கெழங்கு. மொறுமொறுன்னு வறுத்து எறக்கறதுக்குள்ள அடுப்பாண்டியே நின்னு தின்னுட்டுப் பூடுவான்.”

“ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து.”

பூசணிக்காய் ஹாலந்துக்குப் போயிற்று. அவரைக்காய் ஆஸ்திரியாவுக்கு வந்தபோது ராஜசேகரன் விழித்துக்கொண்டான்.

“ஆஸ்திரியாவில் நான் எதையும் பார்க்கவில்லை. ரயிலில் தூங்கிவிட்டேன்.”

“காசிக்குத் தூங்கிகினு போனா புண்ணியம் கெடையாதா தம்பி? ஒடம்பு போச்சில்ல? அவரக்காதான்.”

“பெல்ஜியத்தில் ரயிலைவிட்டு இறங்கவே இல்லை!”

இது லோகநாதனுக்கே புதிய சிக்கல். நாற்காலியில் சாய்ந்து, விரலால் நெற்றியைத் தேய்த்து, தர்மம் இன்னது என்று தேடினார். கடைசியில், ராஜம்மா அடுத்தபடியாகச் சொல்லியிருந்த கொத்தவரங்காயின் தலைவிதி நிர்ணயமாயிற்று: இறங்காமல் கடந்த தேசத்துக்குப் பொரியல் மட்டும் விட்டால் போதும், குழம்பில் போட்டுச் சாப்பிடலாம்.

“கத்திரிக்காயும் புடிக்கும்” என்று ராஜம்மா சேர்த்தாள்.

“அது வாணாம்!” லோகநாதன் அவசரமாகக் கையை ஆட்டினார். “அது காசிக்குன்னே ஏற்பட்டது. வேற ஊருக்குச் செல்லாது.”

ரோமாபுரி பெரிய க்ஷேத்திரம் ஆயிற்றே, காய் மட்டும் போதுமா என்று பரந்தாமன் தன் பங்குக்குச் சந்தேகம் எழுப்பினார். அதற்காக மாம்பழமும் போயிற்று. ராஜசேகரன் உண்மையிலேயே போன ஊர் லண்டன் ஒன்றுதான். அதற்காக உருளைக்கிழங்கை விட்டபோது மட்டும் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஊரில் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று அதன் மேல் அவனுக்கு உண்மையான வைராக்கியம் பிறந்திருந்தது.

லோகநாதன் நாள் குறித்தார். வைகாசியில் நிச்சயதார்த்தம்.

வீடு திரும்பிய பிரயாணி என்பதற்காக அதுவரை அவனுக்கு நெய் ஊற்றிப் பரிமாறிய ராஜம்மா, மறுநாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். வீட்டில் மற்றவர்களுக்கு முருங்கைக்காய் சாம்பார். அவனுக்கு மிளகு ரசம். மற்றவர்களுக்கு வெண்டைக்காய்ப் பொரியல். அவனுக்குச் சுட்ட அப்பளம். கத்திரிக்காய் இருக்கிறதே என்று கேட்டால், “சம்பந்தி வுட்டத மாப்ள துன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். அவன் சுரைக்காய் கூட்டுக்குக் கை நீட்டும் நாளும் வந்தது. வாந்தி வரவில்லை. அழுகைதான் வந்தது.

“நாந்தான் சொன்னனே, உண்மைய சொல்லிடுன்னு” என்றான் தேவராஜ், வழக்கம்போல வாந்தியெடுத்துக் காட்டிவிட்டு.

“மொதல்ல உங்க ஊட்ல இன்னா சமையல்னு சொல்லு.”

முருங்கைக்காய் சாம்பார். ராஜசேகரன் பூந்தமல்லி வரை நடந்து வந்ததற்குப் பலன் கிடைத்தது. தேவராஜின் அம்மா வசந்தா சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, அவன் முதல் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

“ஐயையோ! நீ ஐரோப்பாவுல காய் வுட்ட புள்ளையாச்சே!” என்று கத்திக்கொண்டு தட்டைப் பிடுங்கிவிட்டாள். “இந்த ஊட்டுப் பாவத்துக்கு நீ வேறயா? தேவராஜி, அந்தக் கைய கழுவி வுடுறா!”

அன்று மாலைக்குள் சங்கதி தெருத் தெருவாகப் போயிற்று. கோள் சொல்லும் விதத்தில் அல்ல, பக்தியோடு. பசி தாங்காமல் பிள்ளை மயங்கினானாம், ஆனாலும் முருங்கைக்காய் வாய்க்குள் போகவில்லையாம். கோயில் வாசலில் காப்பி ஓட்டல் நடத்திய வேம்புலி, அவன் வந்தாலே சாம்பார் வாளியைத் துணி போட்டு மூடினான். பாரிவாக்கத்துப் பெண்கள் சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தைகளை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி விபூதி பூசச் சொன்னார்கள். பல ஊர் சுற்றிய கை அல்லவா?

ஒரு நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று அவன் தீர்மானித்தான். பரந்தாமன் ஏரிக் கால்வாயோரம் வயலில் நின்றுகொண்டிருந்தார்.

“நைனா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“தெரியும்டா” என்றார் அவர்.

அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. “தெரியுமா?”

“தெரியாத இன்னா? மூஞ்சப் பாத்தாலே தெரியல? காய் இல்லாம கஷ்டமா கீது. என்னால முடியாதுப்பா. பொங்கலுக்குப் பொங்கல் மெட்ராசுக்குப் போறதே எனக்குப் பெருசு. நீ ஏழு தேசத்துல எட்டு ஐட்டம் வுட்டுட்டு நிக்கிற. செம்பரம்பாக்கத்துல இருந்து நேத்து ஒருத்தன் வந்து என்னக் கும்புட்டுட்டுப் போறான்டா, உன்னப் பெத்ததுக்கு!”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ராஜசேகரன் சொல்ல வந்ததையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினான். அவன் தைரியசாலி அல்ல என்பது பிரெஞ்சுக் கரையிலேயே தீர்ந்துபோன விஷயம்.

நிச்சயதார்த்தத்தன்று கோவில்பதாகையில் பந்தல் தெருவை அடைத்தது. வரலட்சுமி நீலப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். தட்டு மாற்றினார்கள். அவன் இன்று தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தும் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஆகக்கூடி அந்தச் சிரிப்பு தொப்பிக்கானது அல்ல என்பது ஊரறிய நிரூபணமாயிற்று. இதற்காக வாழைக்காயை விடலாம், மாம்பழத்தை விடலாம், முருங்கைக்காயைக்கூட விடலாம் என்று அவன் நெஞ்சு நிறைந்தது. இலை போட்டார்கள். நெஞ்சு காலியாகிவிட்டது.

அன்றைய சமையலை யாரோ அவன் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தாற்போல இருந்தது. பாரீஸ் சாம்பாராக வந்தது. ஸ்விட்சர்லாந்து மொறுமொறுவென்று வந்தது. ஜெர்மனி, ஹாலந்து, ரோமாபுரி என்று வரிசையாக வந்து, அவன் இலையை மட்டும் தாண்டித் தாண்டிப் போயின. பரிமாறியவன் ஒவ்வொரு தடவையும் உடம்பை ஒடுக்கிக்கொண்டான். பந்தி முழுவதும் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது.

அவனுக்குப் பிடித்த காய்களில் விடாமல் முழுசாக மிஞ்சியது கத்திரிக்காய் ஒன்றுதான். அந்த வீட்டில் அது சமைப்பதில்லை.

எதிரே லோகநாதன் உட்கார்ந்திருந்தார். அவரும் ரசத்தை ஊற்றி, ரெண்டு கவளத்தோடு இலையை மடித்தார்.

“போதுமா மாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நமக்கெல்லாம் இன்னாய்யா சாப்பாடு? எல்லாத்தையும் வுட்டாச்சி” என்றார், மாப்பிள்ளையைப் பார்த்துப் புன்னகைத்தபடி. “நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாதி. போய்ட்டு வந்த ஜாதி.”

ராஜசேகரனும் புன்னகைத்தான். இந்த மனிதர் பக்கத்தில் தன் யோக்கியதை என்ன என்று முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது. பொய்க்காரனான தானே இப்படித் தவிக்கும்போது, நிஜமாகவே கங்கையில் நின்று சத்தியம் செய்தவர் இத்தனை வருஷமாக எப்படித் தாங்கினார்? கல்யாணத்துக்கு முன் அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெண் போனால் போகட்டும். இப்படி அவன் நினைத்தது ரசம் சாதம் செரிக்கும் வரையில்தான். அது நிமிஷத்தில் செரித்துவிட்டது.

சாப்பாடு முடிந்து வீடே சாய்ந்துவிட்டது. பரந்தாமன் பந்தலில் குறட்டை விட்டார். ராஜசேகரனுக்கு மட்டும் படுத்தால் வயிறு கூப்பிட்டது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனான். வாழைத்தோட்டத்தை ஒட்டித் தனியாக ஒரு சமையல் கொட்டகை இருந்தது. அங்கிருந்து ஒரு வாசனை வந்தது. நல்லெண்ணெயில் வதங்கும் வாசனை. பசியில் மூக்கு தப்பாகச் சொல்கிறது என்று முதலில் நினைத்தான். அவன் மூக்கு எதில் தப்பினாலும் இதில் தப்பாது. எண்ணெய்க் கத்திரிக்காய்!

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினான்.

லோகநாதன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இலையில், குழம்பு வழிய, கத்திரிக்காய் குவிந்திருந்தது. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மாப்பிள்ளையைப் பார்த்ததும் விழுங்கவும் முடியாமல், துப்பவும் மனசில்லாமல், கண்ணை மூடிக்கொண்டார். பந்தியில் மூடுகிற அதே மாதிரி.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தது. அதில் முருங்கைக்காய் சாம்பார் ஆவி பறந்தது. வாழைக்காய், வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் இருந்தன. ஒரு மாம்பழம்கூட இருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை.

அவர் மனைவி சாமுண்டீஸ்வரி கரண்டியோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வருங்கால மாப்பிள்ளைக்கு முன்னால் அந்த அம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் அவனைப் பார்க்காமல், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆறிடப் போவுது, அந்தப் பலகைய இஸ்துப் போட்டுகினு குந்துங்க மாப்ள. இவுரு காசிக்குன்னு பொறப்பட்டு, ரயில் ஆட்டம் ஒத்துக்காம, கிருஷ்ணா நதிக்கு இந்தாண்டையே கூடூர்ல எறங்கி எங்கக்கா ஊட்ல படுத்துகினாரு. நீங்க எந்த ஊர்ல படுத்துகினீங்க?”